உரிய இடத்தில் தேடுதல்: நாயின் வயிற்றறையில் நாடாப்புழுவின் இளநிலையைக் கண்டறியும் முறை

நாடாப்புழு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது குடல். குடற்சுவரைத் தலையால் பற்றிக்கொண்டு, உடலை நாடாபோல நீட்டி, முதிர்ந்த துண்டங்களை மலத்தோடு வெளியேற்றும் ஒரு புழுவையே பள்ளி அறிவியல் நூல்கள் நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளன. வளர்ப்பு நாயின் குடலில் வாழும் அத்தகைய புழு பெரும்பாலும் அதன் உயிருக்கு ஊறு செய்வதில்லை. தக்க மருந்து கொடுத்தால் நீங்கிவிடும்.

ஆயின், அதே புழு தன் இளநிலையில் குடலுக்கு வெளியே, வயிற்றறையில் தங்கிப் பெருகுமானால் நிலைமை வேறு. நாயின் வயிறு நீர்கோத்துப் பருக்கும், உடல் மெலியும், காலம் தாழ்ந்தால் உயிரும் போகும். அந்நிலையிலும் அந்நாயின் மலத்தைச் சோதித்தால் அதில் புழுவுக்கான தடயம் எதுவும் அகப்படாமற் போகலாம். புழு உண்டு, சோதனையில் அது தென்படவில்லை. இம்முரண் எவ்வாறு நேர்கிறது, மருத்துவர் அதனை எவ்வாறு கடக்கிறார் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சில சொற்கள்

விளக்கத்திற்குமுன் நான்கு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். வயிற்றுச் சுவருக்கும் குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் இடையிலுள்ள வெளி வயிற்றறை எனப்படும். அதன் உட்புறத்தையும் உறுப்புகளின் மேற்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய படலம் வயிற்றறை உறை. ஒட்டுண்ணிக்கு உறைவிடமும் உணவும் அளிக்கும் உயிர் ஓம்புயிரி. ஒட்டுண்ணி முதிர்ந்து முட்டையிடும் இடம் இறுதி ஓம்புயிரி. அது இளநிலையில் தங்கும் இடம் இடைநிலை ஓம்புயிரி. நான்காவது சொல் மகோதரம். வயிற்றறையில் நீர் மிகுதியாகத் தேங்கி வயிறு பருத்திருத்தலை நம் மருத்துவ மரபு இப்பெயரால் குறிக்கிறது. இன்றைய மருத்துவம் மகோதரத்தை ஓர் அறிகுறியாகவே கொள்ளும். அதனைத் தோற்றுவிக்கும் நோய்கள் பல.

புழுவின் வாழ்க்கைச் சுழற்சி

நாம் கருதும் புழுக்கள் மீசோசெஸ்டாய்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. பிரெஞ்சு விலங்கியலாளர் லியோன் வையான் 1863இல் இப்பேரினத்தை வகுத்தார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், நாய்களின் வயிற்றறையில் இவற்றின் இளநிலை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. ஜெர்மனியில் இத்தகைய நோய் ஒரு நாயிடம் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட செய்தி 2007இல் வெளியாயிற்று.

இப்புழுவின் இறுதி ஓம்புயிரிகள் நரி, கொயோட்டி, நாய், பூனை போன்ற ஊனுண்ணிகள். அவற்றின் குடலில் முதிர்ந்த புழு, முட்டைகள் அடங்கிய துண்டங்களை மலத்தோடு வெளியேற்றும். அம்முட்டைகளை முதலில் ஏற்கும் உயிர் எது என்பது அறிவியல் உலகில் இன்னும் ஐயந்திரிபறத் தீராத வினா. மலத்தை நாடிவரும் சிறு கணுக்காலிகள்மீதே ஆய்வாளர்களின் ஐயம் சென்றுள்ளது. அடுத்த படிநிலை தெளிவானது. பல்லி, பாம்பு, எலி, பறவை முதலியவற்றின் உடலில் புழு டெட்ராதிரிடியம் என்னும் இளநிலையை அடைகிறது. ‘டெட்ரா’ என்பது கிரேக்கத்தில் நான்கைக் குறிக்கும். இந்த இளம்புழுவின் தலையில் நான்கு உறிஞ்சிகள் உள்ளமையை நினைவிற்கொள்க; பின்னர் அவை நமக்குப் பயன்படும்.

இளம்புழு தங்கிய பல்லியையோ எலியையோ நாய் தின்றால், வழக்கமாக அது நாயின் குடலில் சில வாரங்களில் முதிர்ந்த புழுவாகும். அப்போது நாய் இறுதி ஓம்புயிரி. ஆனால், சில வேளைகளில் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து வயிற்றறையை அடைகிறது. அல்லது, இன்னும் தொடக்க நிலையிலுள்ள புழுவை நாய் ஏதேனும் சிற்றுயிரோடு சேர்த்து விழுங்க, அது நாயின் உடலிலேயே இளம்புழுவாக வளர்கிறது. இவ்விரண்டில் எது நேரினும் நாய், பல்லியும் எலியும் வகிக்கும் இடத்தை, அதாவது இடைநிலை ஓம்புயிரியின் இடத்தை அடைந்துவிடுகிறது.

அவ்வாறு தங்கிய இளம்புழு ஒன்றாகவே இருந்துவிடுமானால் தீங்கு சிறிதாக இருந்திருக்கும். இவற்றுள் சிலவற்றுக்கு முட்டையின்றியே பெருகும் ஆற்றல் உண்டு. கலிபோர்னியாவின் வேலிப் பல்லிகளிடமிருந்து எடுத்த இளம்புழுக்கள், ஆய்வுக்கூட விலங்குகளின் உடலில் தாமே பிளவுற்றுப் பெருகுவதை ஸ்பெக்ட், மரியெட்டா வோகே ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். வோகேயின் பெயரைத் தாங்கிய மீசோசெஸ்டாய்டஸ் வோகே என்னும் இனப்பெயர் 1991இல் அப்புழுவுக்கு இடப்பட்டது. சில புழுக்கள் நுழைந்த வயிற்றறையில் பின்னர் எண்ணற்ற புழுக்கள் காணப்படுவதன் காரணம் இப்பெருக்கமே. வயிற்றறை உறை அழற்சியுற, நீர் சுரந்து தேங்குகிறது.

அறிகுறிகளும் சாட்சியும்

நோயுற்ற நாயிடம் காணப்படும் அறிகுறிகள் பசியின்மை, சோர்வு, வாந்தி, கழிச்சல், எடை குறைதல், வயிறு பருத்தல் ஆகியன. இவற்றுள் ஒன்றேனும் இந்நோய்க்கு மட்டும் உரியதன்று. வலப்புற இதயம் தளர்ந்தாலும், கல்லீரல் கெட்டாலும், சிறுநீரகத்தின் வழியாகவோ குடலின் வழியாகவோ புரதம் இழக்கப்பட்டாலும், புற்றுக்கட்டி வளர்ந்தாலும் மகோதரம் உண்டாகும். வெப்பமண்டல நாடுகளில் கொசுவால் பரவும் இதயப்புழு முற்றிய நிலையிலும் நாயின் வயிற்றில் நீர் தேங்கலாம். எனவே, பருத்த வயிற்றைக் கண்ட மாத்திரத்தில் எந்த முடிவுக்கும் வருதல் பொருந்தாது.

மறுபுறம், அறிகுறி எதுவுமில்லாத நாய்களும் உண்டு. கருத்தடை அறுவைக்காக வயிற்றைத் திறந்தபோது எதிர்பாராமல் இளம்புழுக்கள் கண்ணிற்பட்ட நிகழ்வுகள் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நலமாகத் தோன்றும் நாயும் இந்நோயைச் சுமந்திருக்கலாம் என்பதை அவை உணர்த்துகின்றன.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. தன் துன்பத்தைச் சொல்ல இயலாத நாய்க்கு, நான்காமவராகிய உரிமையாளரே சாட்சியும் ஆகிறார். நாய் பல்லியையும் எலியையும் பிடித்துத் தின்னும் வழக்கமுடையதா? இந்நோய் காணப்படும் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதா? வயிறு பருக்கத் தொடங்கியது எப்போது? மலத்தில் வெண்ணிறத் துண்டங்கள் தென்பட்டனவா? இவ்வினாக்களுக்கான விடைகளே மருத்துவரின் ஐயத்தை உரிய திசையில் செலுத்துகின்றன.

மலப் பரிசோதனை ஏன் போதாது?

புழு என்ற ஐயம் எழுந்தவுடன் மலத்தைச் சோதிப்பது இயல்பு. குடலில் முதிர்ந்த மீசோசெஸ்டாய்டஸ் இருந்தால் அதன் துண்டங்கள் மலத்தில் காணப்படலாம். நாய்களிடம் பரவலாகக் காணப்படும், தெள்ளுப்பூச்சியால் பரவும் நாடாப்புழுவின் துண்டங்கள் அரிசியை ஒத்திருக்கும். இதன் துண்டங்களோ எள்ளை ஒத்தவை. ஒவ்வொரு துண்டத்தின் நடுவிலும் முட்டைகள் தடித்த சுவருடைய ஒரு பைக்குள் திரண்டிருப்பதே அத்தோற்றத்திற்குக் காரணம்.

எனினும், வயிற்றறையிலுள்ள இளம்புழு முட்டையிடுவதில்லை, துண்டங்களை உதிர்ப்பதுமில்லை. அது தங்கியுள்ள இடத்திலிருந்து மலத்திற்கு வழியும் இல்லை. குடலில் முதிர்ந்த புழு உடனிருந்தாலன்றி மலம் எதையும் காட்டாது. குடலில் முதிர்ந்த புழு இருப்பினும், முட்டைகள் துண்டத்துக்குள் அடைபட்டிருப்பதால், முட்டைகளை மிதக்கவிட்டுத் தேடும் வழக்கமான சோதனையில் அவை தவறிவிடக்கூடும்.

ஆகவே, மலத்தில் புழு காணப்பட்டால் அது குடலைப் பற்றிய செய்தி. காணப்படாவிட்டாலும் அது குடலைப் பற்றிய செய்தியே. வயிற்றறையைப் பற்றி அச்சோதனை உறுதியாக எதுவும் கூறாது.

படங்கள் காட்டுவன

அடுத்த படி, உடலைத் திறவாமல் உள்ளே நோக்குதல். ஊடுகதிர்ப் படத்தில் உறுப்புகளின் விளிம்புகள் தெளிவாகத் தெரிய, அவற்றைச் சூழ்ந்துள்ள கொழுப்பு துணைசெய்கிறது. நீர் தேங்கினால் விளிம்புகள் மங்கி, வயிறு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். மீயொலிப் படம் இதனினும் நுட்பமானது. தேங்கிய நீரையும், அதில் மிதக்கும் சிறு துகள்களையும், நீர்ப்பை போன்ற அமைப்புகளையும், தடித்துப்போன உறையையும் அது காட்டவல்லது.

ஆயினும், மிதப்பன இளம்புழுக்களா, சீழ்த்திரள்களா, புற்றணுக் கூட்டமா என்பதை நிழலைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. நீர் எங்கு உள்ளது, ஊசியை எவ்விடத்தில் செலுத்தினால் உறுப்புகளுக்குக் காயம் நேராது என்பதை அறிவிப்பதே மீயொலிப் படத்தின் தலையாய பயன்.

நீரே சான்று

வயிற்றுச் சுவரின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தித் தேங்கிய நீரில் சிறிது எடுத்தல் இந்நோயறிதலின் மையம். கலிபோர்னியாவில் 11 நாய்களின் நோயறிமுறைகளையும் சிகிச்சையையும் விவரித்து 1998இல் வெளியான ஆய்வும், அந்நீரிலுள்ள அணுக்களை ஆராய்ந்து நோயை அறிவதைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வும் இத்துறையில் அடிப்படையானவை.

எடுத்த நீரை முதலில் வெறுங்கண்ணால் நோக்க வேண்டும். இதயத் தளர்ச்சியிலோ புரத இழப்பிலோ தேங்கும் நீர் பெரும்பாலும் கலக்கமின்றியிருக்கும். இந்நோயில் அது கலங்கி, மஞ்சளாகவோ செம்மை கலந்தோ காணப்படும். அதில் வெண்ணிறக் குறுணிகள் மிதக்கும். மேலைநாட்டு மருத்துவர்கள் இதனை மரவள்ளி மாவுருண்டையிட்ட இனிப்புக் களிக்கு ஒப்பிடுவர். சவ்வரிசிக் கஞ்சியை அறிந்த நமக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டுக் கருநிறப் பின்னணியில் வைத்து நோக்கினால் அக்குறுணிகள் சில அசையவும் காணலாம்.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சில மில்லிமீட்டர் நீளமுள்ள இளம்புழுக்கள் கிண்ணத்தின் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீரில் ஒரு துளியை மட்டும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினால், அழற்சியைக் காட்டும் வெள்ளணுக்களே தென்படும். அழற்சிக்குக் காரணமான புழு தென்படாது. எனவே, அடியில் படிந்ததையும் எடுத்து, சாயமேற்றாமல், நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் காணவேண்டும். பெரிதைக் காண்பதற்குச் சிறிய உருப்பெருக்கமே தக்கது.

நுண்ணோக்கியில் மூன்று அடையாளங்கள்

முதலாவது, நான்கு உறிஞ்சிகள். தலைப்பகுதியில் நான்கு உறிஞ்சிகள் தெளிவாகத் தெரிந்து, கொக்கிகள் இல்லாதிருந்தால், அது மீசோசெஸ்டாய்டஸ் இளம்புழு என்பதற்கு வலுவான சான்று.

இரண்டாவது, சுண்ணத் துகள்கள். நாடாப்புழுக்களின் திசுவில் வட்டமாகவும் முட்டை வடிவாகவும், ஒளியைச் சிதறடிக்கும் பளபளப்புடன் இத்துகள்கள் காணப்படும். புழு சிதைந்து தலையும் உறிஞ்சியும் அழிந்த நிலையிலும் இவை எஞ்சியிருக்கக்கூடும். திசுத்துண்டிலோ நீரிலோ இவற்றைக் கண்டால், இங்கு நாடாப்புழு உண்டு என்று அறியலாம். எந்த நாடாப்புழு என்பதை இவை கூறமாட்டா.

மூன்றாவது, இல்லாமையால் அறியப்படும் அடையாளம். நாடாப்புழுவுக்கு உணவுக்குழல் இல்லை. உடலுக்குள் வெற்றறையும் இல்லை. உருளைப்புழுவுக்கு இவ்விரண்டும் உண்டு. குறுக்குவெட்டில் உணவுக்குழல் தென்பட்டால் அது நாடாப்புழு அன்று.

பெருகும் நிலையில் தலையே உருவாகாத புழுத்திரள்களும் தோன்றும். அவற்றில் உறிஞ்சிகளைத் தேடிப் பயனில்லை. அத்தகைய வேளையில் பி.சி.ஆர். என்னும் மரபணுப் பெருக்கச் சோதனை துணைக்கு வருகிறது. தலையற்ற திரளாயினும் அதன் மரபணு தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். நாய்களிடமும் கொயோட்டிகளிடமும் எடுத்த மீசோசெஸ்டாய்டஸ் புழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2000இல் வெளியான ஆய்வு, தோற்றத்தால் பிரித்தறிய அரிய இப்புழுக்களை மரபுவழிக் கிளைகளாக வகைப்படுத்த வழிசெய்தது.

ஒத்த தோற்றமுடைய வேறு புழுக்கள்

நாயின் உடலில் இளநிலையில் தங்கும் நாடாப்புழு இது ஒன்றே அன்று. நரியை இறுதி ஓம்புயிரியாகக் கொண்ட டீனியா கிராசிசெப்ஸ் என்பதன் இளம்புழுவும் மொட்டுவிட்டுப் பெருகும். ஆனால், அதன் தலையில் கொக்கிகள் வரிசையாக அமைந்திருக்கும். கொக்கி உண்டா இல்லையா என்னும் சிறு வினா இரண்டையும் பிரித்துவிடுகிறது.

மிகுந்த விழிப்புக்குரியது எக்கினோகாக்கஸ் மல்ட்டிலாக்குலாரிஸ். இதன் இளநிலை நாயின் கல்லீரலில் புற்றுக்கட்டி போலப் படர்ந்து வளரும். சுவிட்சர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் அறியப்பட்டிருந்த இந்நோய், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இலும் ஒண்டாரியோவில் 2012இலும் நாய்களிடம் கண்டறியப்பட்டது. நாயின் குடலில் இப்புழு முதிர்ந்த நிலையில் இருந்தால், மலத்தில் வெளிவரும் முட்டைகள் மனிதருக்குப் பெருந்தீங்கு விளைக்கும். அம்முட்டைகளோ டீனியாவின் முட்டைகளிலிருந்து நுண்ணோக்கியால் பிரித்தறிய இயலாதவை. ஆகவே, ‘ஏதோ ஒரு நாடாப்புழு’ என்ற அளவில் நின்றுவிடாமல் இனத்தை உறுதிசெய்தல், நாயின் நலனுக்கு மட்டுமன்றி அதனை வளர்ப்பவரின் நலனுக்கும் இன்றியமையாதது.

கண்டறிதலும் உயிர்பிழைத்தலும்

நோயறிதல் சிகிச்சையை எவ்வளவு மாற்றுகிறது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். குடலில் வாழும் முதிர்ந்த நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் என்னும் மருந்து பெரும்பாலும் ஒரே வேளை கொடுக்கப்படும். வயிற்றறை இளம்புழுவுக்கு அது போதாது. ஃபென்பெண்டசோல் என்னும் மருந்தை நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, 28 நாள் தொடர்ந்து கொடுத்தல் ஆய்வேடுகளில் விவரிக்கப்பட்ட முறை. வழக்கமான குடற்புழு நீக்கத்திற்கு இதே மருந்து கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் மட்டுமே கொடுக்கப்படுகிறது என்பதை ஒப்புநோக்குக. தேங்கிய நீரையும் புழுத்திரளையும் அறுவையால் அகற்றி வயிற்றறையைக் கழுவ நேர்வதும் உண்டு. இவை யாவும் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கவை. சிகிச்சைக்குப் பின்னரும் மீயொலிப் படத்தாலும், நீர் எஞ்சியிருந்தால் அதன் சோதனையாலும் நாயைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எஞ்சிய சில புழுக்கள் மீண்டும் பெருகக்கூடும்.

இந்நோயுற்ற நாய்களின் உயிர்வாழ் காலத்தைப் பகுத்தாய்ந்து 2011இல் வெளியான ஆய்வு இரண்டு காரணிகளை முன்னிறுத்துகிறது. கண்டறியப்பட்ட வேளையில் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது ஒன்று. சிகிச்சை எவ்வளவு தீவிரமாக அளிக்கப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டாவது காரணி மருந்தின் கையில் உள்ளது. முதலாவது, எவ்வளவு விரைவில் உரிய இடத்தில் தேடினோம் என்பதைப் பொறுத்தது.

‘இல்லை’, ‘காணப்படவில்லை’

நாயின் வயிற்றறையிலிருந்து வகுப்பறைக்கு நாம் எடுத்துச்செல்லத்தக்க பாடம் ஒன்று உண்டு. அது மொழியோடும் தொடர்புடையது. ‘புழு இல்லை’ என்று எழுதுவதும் ‘மலத்தில் புழு காணப்படவில்லை’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது உலகைப் பற்றிய முடிவு; பின்னது ஒரு தேடலைப் பற்றிய செய்தி. பின்னதில் எங்குத் தேடினோம் என்பதும், அங்கு என்ன கண்டோம் என்பதும் உள்ளன. அதைப் படிக்கும் அடுத்த மருத்துவர், ‘அப்படியானால் இன்னும் தேடாத இடம் எது?’ என்று கேட்க வாய்ப்பு இருக்கிறது. முன்னதைப் படிப்பவர் ஏட்டை மூடிவைத்துவிடுவார்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு ஆய்வறிக்கை எழுதப் பயிற்றும்போது இவ்வேறுபாட்டை வலியுறுத்தலாம். அறிவியல் செயற்பாட்டில் விடை கிட்டாதபோது ‘இல்லை’ என்று முடித்துவிடாமல், தேடிய இடம், தேடிய முறை, கண்டது, காணாதது ஆகிய நான்கையும் எழுதச் செய்யலாம். ஓர் அறிக்கையில் இவ்வேறுபாடு சொல்நயமாக மட்டும் தோன்றக்கூடும். மலப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்த்த மருத்துவரின் மேசையில், ஒரு நாயின் உயிர் அவ்வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.